தனி ஆளா ரிவார்டு பார்சல் அனுப்பப் போறேன்: எதுல இருந்து தொடங்கணும்?

மைப்புட்டி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். என் படக்கதைப் புத்தகத்துக்காக கிக்ஸ்டார்ட்டர் தளத்துல நடத்தின கிரவுட்ஃபண்டிங் (நிறையப் பேர்கிட்ட முன்கூட்டியே பணம் திரட்டுறது) இலக்கைத் தாண்டி முடிஞ்சிருக்கு. கிக்ஸ்டார்ட்டர்ல இருந்து பணம் கைக்கு வர சுமார் 14 நாள் ஆகும். அதுக்குள்ள அனுப்புற வேலைக்கு ஒரு திட்டம் போட்டுடணும்னு இருக்கேன். எழுதினது, வரைஞ்சது, அச்சகத்துல பேசுறது எல்லாம் நான் ஒருத்திதான். பேக்கிங்கும் நானேதான்.

ஆதரவு தந்தவங்க சில நூறு பேர். பாதிக்கு மேல உள்நாடு. மிச்சப் பேர் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியான்னு சிதறி இருக்காங்க. அவங்க பணத்துக்கு ஈடா அனுப்புற ரிவார்டு நாலு வகை: புத்தகம் மட்டும், புத்தகமும் ஆறு அஞ்சலட்டையும், அதோட ஒரு ஏ2 போஸ்டர், கடைசியா இது எல்லாத்தோடயும் கையால வரைஞ்ச ஒரு சின்னப் படம். ஷிப்பிங் பணம் இன்னும் வாங்கலை. முகவரி கேட்டு சர்வே அனுப்புறப்போ தனியா வாங்குவேன்னு திட்டப் பக்கத்துல சொல்லியிருந்தேன்.

எதை முதல்ல செய்யணும்? போஸ்டரை எப்படி அனுப்புறது? எல்லாருக்கும் டிராக்கிங் போடணுமா? கஸ்டம்ஸ் பத்தி எதுவுமே தெரியாது. இந்தப் புத்தகத்துக்காகக் காத்திருக்கிறவங்க கையில அது மடங்காம, நனையாம போய்ச் சேரணும். அதுதான் எனக்கு முக்கியம்.

---

தாள்மடிப்பு

முதல்ல வாழ்த்துகள்.

சர்வேயைத் தொடாதீங்க. ஷிப்பிங் தொகை எவ்வளவுன்னு யோசிக்கவும் வேண்டாம். நாலு வகை ரிவார்டுக்கும் வகைக்கு ஒரு மாதிரிப் பார்சல் கட்டுங்க. புத்தகம் இன்னும் அச்சாகலைன்னா, அச்சகத்துல அதே தாள், அதே பக்கக் கணக்குல வெற்றுப் புத்தகம் ஒண்ணு தைச்சுத் தரச் சொல்லுங்க. கேட்டா செஞ்சு தருவாங்க. அதை உறை, அட்டை, பெட்டி, டேப், லேபிள் எல்லாத்தோடயும் சேர்த்து எடை போடணும். புத்தகத்தோட எடை வேற, பார்சலோட எடை வேற. அஞ்சல் கட்டணம் படிப்படியாத்தான் ஏறும். 490 கிராம்னு நினைச்சது டேப்பும் அட்டையும் சேர்ந்து 510 ஆச்சுன்னா அடுத்த படிக்குப் போயிடும். சில நூறு பார்சல்ல அது பெரிய தொகை.

எடை தெரிஞ்சதுக்கு அப்புறம்தான் பெட்டி வாங்கணும், ஷிப்பிங் தொகையும் போடணும். எல்லாமே அந்த மாதிரிப் பார்சல்ல இருந்துதான் வரும்.

பேக்கிங்ல நான் விடாம பார்க்கிறது ரெண்டு. புத்தகத்துக்கு மேல முதல்ல ஒரு பிளாஸ்டிக் உறை, தண்ணிக்காக. அதுக்கு மேலதான் பபிள் ராப், அட்டை எல்லாம். இன்னொண்ணு, மூடின பெட்டியைக் காதுப் பக்கம் வெச்சுக் குலுக்கிப் பாருங்க. உள்ள ஏதாவது நகருற சத்தம் கேட்டா அந்தப் புத்தகம் முனை நசுங்கித்தான் போய்ச் சேரும். புத்தகத்தை வெளியில இருந்து விழுற அடி கெடுக்கிறதைவிட, உள்ளயே அது ஓடி ஓடி மோதுறதுதான் அதிகம் கெடுக்குது. இடுப்பு உயரத்துல இருந்து ஒரு முறை முனை கீழ படுற மாதிரிப் போட்டுப் பாருங்க. பிரிச்சுப் பார்த்தா எங்க திணிப்பு பத்தலைன்னு தெரிஞ்சிடும்.

---

வரைகோல்

போஸ்டர் பத்தி நான் சொல்றேன், இங்கதான் எல்லாரும் காசை விடுறாங்க.

ஏ2ங்கிறது 42 × 59.4 செ.மீ. 170 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 170 கிராம்) தாள்னா ஒரு போஸ்டர் 42 கிராம்தான் வரும். குழாயில சுருட்டினா குழாய் சுமார் 45 செ.மீ. நீளம். புத்தகத்தையும் குழாயையும் ஒரே பெட்டில போடணும்னா பெட்டி 45 × 20 × 8 செ.மீ. ஆயிடும். கூரியர்காரங்க இதை நீளம் × அகலம் × உயரத்தை 5000ஆல வகுத்துக் கணக்குப் போடுவாங்க. 7200ஐ 5000ஆல வகுத்தா 1.44 கிலோ. உள்ள இருக்கிறது ஒரு கிலோ கூட இல்லைன்னாலும் 1.44 கிலோவுக்குக் காசு கட்டணும். அடைச்சு வெச்ச காத்துக்குக் கொடுக்கிற காசு அது.

அஞ்சல்ல கதை வேற. உலக அஞ்சல் ஒன்றியத்தோட விதிப்படி சின்னப் பொட்டலம்னா 2 கிலோ வரைக்கும், நீளம் அகலம் உயரம் கூட்டினா 90 செ.மீ.க்குள்ள, எந்தப் பக்கமும் 60 செ.மீ.யைத் தாண்டாம இருக்கணும். உங்க பெட்டி 45ஐயும் 20ஐயும் 8ஐயும் கூட்டினா 73தான். உள்ள வந்துடுது. பெரும்பாலும் உண்மையான எடைக்குத்தான் கட்டணம். சில நாட்டு அஞ்சல்துறைகள் அளவையும் பார்ப்பாங்க, உங்க கட்டணப் பட்டியலை ஒரு தடவை சரிபார்த்துக்கோங்க. ஆக போஸ்டர் இருக்கிற பார்சலை அஞ்சல்லயும், அவசரமானதை மட்டும் கூரியர்லயும் அனுப்புறது நியாயமா இருக்கும்.

குழாயே வேண்டாம்னா இன்னொரு வழி: ஏ2வை ரெண்டு தடவை மடிச்சா ஏ4. புத்தகத்தோட தட்டையா உள்ள போயிடும்.

---

உப்புக்காற்று

மடிக்கிறதா? மன்னிக்கணும் வரைகோல், சுவர்ல மாட்டுறதுக்காகக் காசு கொடுத்தவங்களுக்கு நடுவுல சிலுவை மாதிரி மடிப்புக் கோடு விழுந்த போஸ்டர் போறது சரியில்லை. ஏ2ன்னு சொல்லிட்டாங்க. சுருட்டித்தான் அனுப்பணும்.

---

வரைகோல்

எல்லாருக்கும் மடிச்சு அனுப்பச் சொல்லலை. சர்வேல ஒரு கேள்வியா வைக்கலாம்: மடிச்சது போதும்னா ஷிப்பிங் இவ்வளவு, சுருட்டினது வேணும்னா இவ்வளவு. முடிவு வாங்குறவங்க கையில. முன்கூட்டியே மடிச்சு அனுப்புறதா இருந்தா அச்சகத்துலயே மடிப்பு இயந்திரத்துல மடிக்கச் சொல்லணும். கையால மடிச்சா மை வெடிச்சு வெள்ளைக் கோடு தெரியும். அடர்த்தியான கறுப்புப் பின்னணி இருக்கிற படம்னா மடிக்கவே மடிக்காதீங்க, அதுல உப்புக்காற்று சொல்றதுதான் சரி.

---

நடைவண்டி

முகவரி வேலையை யாரும் பேசலை. பார்சல் திரும்பி வர்றதுக்கு நான் பார்த்த வரைக்கும் பாதிக் காரணம் ஸ்ப்ரெட்ஷீட்தான்.

சர்வே பதில்களை சிஎஸ்வி கோப்பா இறக்குவீங்க. அதை அப்படியே டபுள் கிளிக் பண்ணி எக்செல்ல திறக்காதீங்க. எக்செல் அஞ்சல் குறியீட்டை எண்ணுன்னு நினைச்சு முன்னால இருக்கிற சுழியத்தைத் தின்னுடும். பாஸ்டன்ல 02108 இருக்கு, அது 2108 ஆயிடும். பார்சிலோனா 08001 போய் 8001ன்னு நிக்கும். ஜெர்மனில லைப்சிக் 04109க்கும் இதே கதிதான். நீளமான போன் நம்பரை அடுக்குக்குறி எண்ணா (9.2E+11 மாதிரி) மாத்தி, கடைசி இலக்கங்களைச் சுழியமாக்கி வெச்சுடும். சேமிச்சு மூடிட்டீங்கன்னா பழைய எண் திரும்ப வராது. அதனால வெற்றுக் கோப்பைத் திறந்து, இறக்குமதி வழியா அந்த நெடுவரிசைகளை எல்லாம் 'உரை'ன்னு குறிச்சு உள்ள கொண்டு வாங்க. அப்படியே எழுத்துக் குறியாக்கம் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுக்கணும். இல்லைன்னா எழுத்துமேல புள்ளியும் கோடும் போடுற போலந்து, ஜெர்மன், துருக்கிப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியா மாறி, லேபிள்ல அப்படியே அச்சாகிடும்.

மூலக் கோப்பை ஒரு நகல் எடுத்துத் தொடாம வெச்சிருங்க. வேலையெல்லாம் இன்னொரு நகல்ல.

போன் நம்பரைக் கட்டாயக் கேள்வியா வையுங்க. நிறைய நாட்டுல கஸ்டம்ஸ்ல ஒரு சின்னச் சந்தேகம்னா வாங்குறவரைத்தான் கூப்பிடுவாங்க. நம்பர் இல்லைன்னா பார்சல் அங்கயே கிடந்து, காலக்கெடு முடிஞ்சதும் கிளம்பி உங்ககிட்டயே வரும்.

---

கணக்குப்பிள்ளை

கஸ்டம்ஸ் கேள்விக்கு வருகிறேன். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் மேலோட்டமாகவும் விடக்கூடாது.

அஞ்சலில் போகும் பொருளுக்கு சிஎன் 22 அல்லது சிஎன் 23 என்ற சுங்க அறிவிப்புப் படிவம். மதிப்பு 300 எஸ்டிஆருக்கு உட்பட்டால் 22, மேலே போனால் 23. எஸ்டிஆர் என்பது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. ஒரு புத்தகமும் போஸ்டரும் அந்த வரம்பை நெருங்காது, ஆகவே உங்களுக்கு சிஎன் 22. கையால் எழுதி ஒட்டினால் மட்டும் போதாது. 2021 ஜனவரி 1 முதல் பொருள் உள்ள பன்னாட்டு அஞ்சல்களுக்கு அதே விவரத்தை மின்வடிவில் முன்கூட்டியே அனுப்பும் முறை நடைமுறைக்கு வந்துவிட்டது. உங்கள் அஞ்சல்துறையின் இணையப் பக்கத்திலேயே நிரப்பி அச்சிட்டுக்கொள்வது நல்லது.

விவரிப்பில் "ரிவார்டு" என்றோ "பொருட்கள்" என்றோ எழுதாதீர்கள். "அச்சிட்ட புத்தகம், 1", "அச்சிட்ட அஞ்சலட்டை, 6", "அச்சிட்ட போஸ்டர், 1" என்று ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதி, பக்கத்தில் எச்எஸ் கோடு (பொருளின் வகையைச் சுங்கத்துறைக்குச் சொல்லும் எண்) போடுங்கள். புத்தகத்துக்கு 4901, அச்சு அஞ்சலட்டைக்கு 4909, அச்சுப் படத்துக்கு 4911 என்று தொடங்கும். முதல் ஆறு இலக்கம் உலகத்துக்கே பொது, அதற்கு மேல் நாட்டுக்கு நாடு மாறும். படக்கதைப் புத்தகம் சிறுவர் படப்புத்தகமாகக் கருதப்பட்டால் 4903க்குள் போகலாம். அதை ஒரு முறை பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

இனி நாடுகள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 22 யூரோ வரை இருந்த வாட் (மதிப்புக்கூட்டு வரி) விலக்கு 2021 ஜூலை 1 அன்று நீங்கியது. இப்போது எந்த மதிப்புக்கும் வாட் உண்டு. 150 யூரோ வரையிலான பொருளுக்கு ஐஓஎஸ்எஸ் என்ற பதிவு வழியாக விற்பவரே முன்கூட்டி வாட் செலுத்தலாம். ஒன்றியத்துக்கு வெளியே இருப்பவர் அதற்குப் பொதுவாக அங்குள்ள ஒரு இடைத்தரகரை நியமிக்க வேண்டும், தனி ஆளுக்கு அது கட்டுப்படியாகாமல் போகலாம். பிரிட்டனில் 2021 ஜனவரி 1 முதல் 135 பவுண்டு வரையிலான பொருளுக்கு விற்கும் இடத்திலேயே வாட். ஆனால் அங்கே அச்சுப் புத்தகத்துக்கு வாட் விகிதம் சுழியம். போஸ்டருக்கு அந்தச் சலுகை இல்லை. ஆஸ்திரேலியாவில் 1000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான பொருளுக்கும் 2018 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி உண்டு. ஆனால் அந்நாட்டு விற்பனை ஆண்டுக்கு 75,000 டாலரை எட்டுகிறவர்தான் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் அந்தக் கணக்கில் வர மாட்டீர்கள்.

அமெரிக்காதான் இப்போது கவனிக்க வேண்டிய இடம். 800 டாலர் வரை வரியில்லாமல் உள்ளே விட்ட ஏற்பாடு 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. அந்த நாட்களில் பல அஞ்சல்துறைகள் அமெரிக்காவுக்குப் பார்சல் எடுப்பதையே சிறிது காலம் நிறுத்தி வைத்தன. விதி அடிக்கடி மாறுகிறது. போன ஆண்டு யாரோ எழுதியதை வைத்து முடிவெடுக்காமல், அனுப்பும் வாரத்தில் உங்கள் அஞ்சல்துறை என்ன சொல்கிறது என்று பாருங்கள். நீங்களே வரி கட்டி அனுப்புகிறீர்களா, வாங்குபவர் கட்ட வேண்டுமா என்பதை சர்வேயிலேயே நாட்டின் பெயரோடு எழுதிவிடுங்கள். வாசலில் வந்து நிற்கும் ஆள் எதிர்பாராத தொகை கேட்டால் பலர் பார்சலை வாங்காமலே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

---

தாள்மடிப்பு

கணக்குப்பிள்ளை ஐயா சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கிறேன். ஐரோப்பிய ஒன்றியத்துல 2024 டிசம்பர் 13 முதல் பொதுப் பொருள் பாதுகாப்பு விதி நடைமுறையில இருக்கு. உணவு அல்லாத நுகர்பொருள் விக்கிறவங்களுக்கு அங்க பொறுப்பேற்கிற ஒரு ஆளோ நிறுவனமோ இருக்கணும்னு சொல்லுது. அதுக்கப்புறம் சின்னப் படைப்பாளிகள் பலர் ஐரோப்பாவுக்கு அனுப்புறதையே விட்டுட்டாங்க. மைப்புட்டி ஏற்கெனவே பணம் வாங்கியாச்சு, அதனால இதை இப்பவே பார்க்கணும்.

---

மைப்புட்டி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கணக்குப்பிள்ளை ஐயா, நாடு வாரியா ஒரு அட்டவணை போட ஆரம்பிச்சிட்டேன். பொறுப்பாளர் சேவை தர்ற நிறுவனங்களுக்கும் எழுதிக் கேட்டிருக்கேன்.

தாள்மடிப்பு சொன்ன மாதிரி அச்சகத்துல வெற்றுப் புத்தகம் வாங்கி நாலு பார்சலும் கட்டினேன். புத்தகமும் அஞ்சலட்டையும் சேர்ந்த பார்சல் 500ஐ ஒட்டி நிக்குது. பெட்டிக்குப் பதிலா புத்தகத்தைச் சுத்தி மடக்குற அட்டை உறைக்கு மாத்தினா தாராளமா உள்ள வருது.

இப்ப ரெண்டு கேள்வி. ஷிப்பிங் தொகையில எதையெல்லாம் சேர்க்கணும்? டிராக்கிங் போடாம அனுப்பலாமா? போட்டா வெளிநாட்டுக் கட்டணம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகுது.

---

உப்புக்காற்று

டிராக்கிங் எல்லாருக்கும் போட்டே ஆகணும். இதுல சமரசமே கூடாது. வராத பார்சலுக்கு உங்ககிட்ட ஒரு ஆதாரமும் இருக்காது. ஆதரவாளர் கார்டு நிறுவனத்துக்குப் போய் பணத்தைத் திருப்பிக் கேட்டா, அனுப்பினதுக்கு என்ன சான்று காட்டுவீங்க?

---

நடைவண்டி

நான் அப்படிப் பார்க்கலை. புத்தகம் மட்டும் வாங்கினவருக்கு ஷிப்பிங்கே புத்தக விலையைத் தாண்டிப் போனா அவர் மனசுல என்ன நிக்கும்? டிராக்கிங் கூடுதல் தொகையும் காணாமப் போறவற்றை மறுபடி அனுப்புற செலவும் எது அதிகம்னு போட்டுப் பார்க்கணும். நூறு பார்சலுக்கு டிராக்கிங் போடுற காசுல, காணாமப் போன சில பார்சலைத் திரும்ப அனுப்பிட்டு மிச்சமும் பிடிக்கலாம்னா, எதுக்கு எல்லார்கிட்டயும் வாங்கணும்?

ஆனா கையால வரைஞ்ச படம் இருக்கிற பார்சலுக்கு டிராக்கிங் கண்டிப்பா வேணும். அது ஒண்ணுதான் இருக்கு, காணாமப் போனா திரும்ப அனுப்ப எதுவுமில்லை. போஸ்டர் குழாய்க்கும் போடலாம். மத்ததுக்கு அஞ்சலகத்துல பதிவான ரசீதையும் மொத்தப் பட்டியலையும் பத்திரமா வையுங்க. உப்புக்காற்று கேட்ட சான்று அதுதான்.

---

உப்புக்காற்று

ரசீது அனுப்பினதுக்குச் சான்று, போய்ச் சேர்ந்ததுக்கு இல்லை. என் கருத்து மாறலை. ஆனா வரைஞ்ச படத்தைத் தனியாப் பிரிச்சுப் பார்க்கிறது நியாயம்தான். சர்வேல 'டிராக்கிங் வேணுமா'ன்னு கேட்டு, வேணும்கிறவங்ககிட்ட மட்டும் வாங்கினா ரெண்டு பேர் பேச்சுக்கும் இடம் இருக்கும்.

---

கணக்குப்பிள்ளை

ஷிப்பிங் தொகையில் பலர் மறப்பது கட்டணங்கள். கிக்ஸ்டார்ட்டர் 5 விழுக்காடு எடுப்பது ரிவார்டு பணத்தில் மட்டுமல்ல, அங்கே வசூலாகும் ஷிப்பிங் தொகையிலும்தான். பணப் பரிமாற்றத்துக்கு அதற்கு மேல் சுமார் 3 விழுக்காடும் ஒவ்வொரு ஆதரவுக்கும் ஒரு சிறு நிலைக்கட்டணமும் போகும். அஞ்சலுக்கு 100 ஆகும் என்றால் 100 வாங்கினால் கையில் 92 கூட நிற்காது. உறை, டேப், லேபிள் இவையெல்லாம் ஷிப்பிங்கில் வருமா ரிவார்டு விலையில் வருமா என்று முடிவு செய்து ஒரு பக்கம் எழுதுங்கள். இரண்டிலும் விட்டுப்போவதுதான் வழக்கமாக நடக்கிறது. அச்சடித்து முடிப்பதற்குள் அஞ்சல் கட்டணம் ஏறக்கூடும், அதற்கும் சிறிது இடம் விடுங்கள்.

இன்னொன்று: பணம் ஒரு நிதியாண்டில் வந்து, செலவு அடுத்த நிதியாண்டில் விழுந்தால், வந்த மொத்தமும் வருமானமாகத் தெரியும். உங்கள் கணக்கரிடம் இதை இப்போதே பேசிவிடுங்கள்.

---

கூட்டுக்கூலி

இவ்வளவு சிரமம் எதுக்கு? மொத்தத்தையும் ஒரு ஃபுல்ஃபில்மென்ட் நிறுவனத்துக்கு அனுப்பிட்டா அவங்களே பேக் பண்ணி அனுப்பிடுவாங்களே.

---

தாள்மடிப்பு

@கூட்டுக்கூலி, ஆயிரக்கணக்குல பார்சல்னா நானும் அதைத்தான் சொல்வேன். சில நூறுக்கு அவங்க வாங்குற தொடக்கக் கட்டணம், சேமிப்பு வாடகை, ஒவ்வொரு பொருளையும் எடுத்துவைக்கிற கூலி இதெல்லாம் சேர்ந்து தாங்காது. நாலு வகை ரிவார்டு, அதுல ஒண்ணு ஆளுக்கு ஆள் வேற படம். அந்தப் படத்தை அவங்க சரியான பேருக்குப் போடுவாங்கன்னு எந்த நம்பிக்கையில விடுறது? நடுவழி ஒண்ணு இருக்கு: ஒரே நாட்டுல ஆதரவாளர் கொத்தா இருந்தா அவங்களுக்கானதை மட்டும் ஒரே பெட்டியா அனுப்பி, அங்க உள்நாட்டு அஞ்சல்ல பிரிச்சு அனுப்ப ஒரு நம்பிக்கையான ஆளைப் பிடிக்கலாம். அப்பவும் அந்தப் பெரிய பெட்டிக்கு முறையா வரி கட்டியாகணும், முகவரிகளைக் கொடுக்கிறதுக்கு ஆதரவாளர்கிட்ட சொல்லியும் ஆகணும்.

---

பின்வரிசை

நான் படைப்பாளி இல்லை, நிறையத் திட்டங்களுக்குப் பணம் போடுற ஆள். எங்க பக்கத்துல இருந்து ஒண்ணு சொல்லட்டுமா மைப்புட்டி?

தாமதம் எங்களுக்குப் புதுசு இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஈதன் மாலிக் 2014ல வெளியிட்ட ஆய்வுல, அவர் எடுத்துப் பார்த்த திட்டங்கள்ல நாலுல மூணுக்கு மேல சொன்ன தேதியைத் தாண்டித்தான் அனுப்பியிருந்தாங்க. 2015ல அவர் கிக்ஸ்டார்ட்டர் ஆதரவாளர்கள்கிட்ட நடத்தின பெரிய கணக்கெடுப்புல, ரிவார்டே தராமப் போனது சுமார் 9 விழுக்காடுன்னு வந்துச்சு. அதனால மாசக்கணக்குல தள்ளிப் போனாலும் நாங்க பொறுத்துக்குவோம். பொறுக்க முடியாதது மௌனம். ஒரு அப்டேட்டும் இல்லாம ரெண்டு மாசம் போச்சுன்னா அந்த 9ல இதுவும் ஒண்ணோன்னு தோண ஆரம்பிச்சுடும்.

பெரிய கட்டுரையா எழுத வேண்டாம். "இந்த வாரம் அச்சகத்துல இருந்து தாள் வந்துச்சு, அடுத்து தையல்"னு ரெண்டு வரியும் ஒரு படமும் போதும். பார்சல் போக ஆரம்பிச்சதும் எந்த வகை ரிவார்டு, எந்த நாடு வரைக்கும் கிளம்பியிருக்குன்னு எழுதுங்க. அதைப் படிச்சாலே "என்னோடது எங்க"ங்கிற பாதி மெயில் உங்களுக்கு வராது.

---

மைப்புட்டி

பின்வரிசை, இது என் மனசுல நேரா போய் உக்கார்ந்துடுச்சு. இன்னைக்கே ஒரு அப்டேட் போடுறேன்.

ஒரு ஆதரவாளர் மெயில் அனுப்பியிருக்கார். கஸ்டம்ஸ் ஃபாரத்துல 'அன்பளிப்பு'ன்னு குறிச்சு மதிப்பைக் கொஞ்சம் குறைச்சுப் போட முடியுமான்னு கேட்கிறார். ரொம்ப நல்ல மனுஷர், ஆரம்பத்துல இருந்தே கூட நின்னவர். என்ன பதில் சொல்றது?

---

கணக்குப்பிள்ளை

முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். அவர் பணம் கொடுத்து, அதற்கு ஈடாகப் பொருள் போகிறது. அது அன்பளிப்பு ஆகாது. படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள். பொய்யான அறிவிப்புக்குப் பொறுப்பும் உங்களுடையதே. மதிப்பைக் குறைத்து எழுதிய பார்சல் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த மதிப்புக்குத்தான். ஒருவருக்கு இதைச் செய்தால் அடுத்தவருக்கு மறுக்க உங்களிடம் காரணம் இருக்காது.

---

வரைகோல்

கையால வரைஞ்ச படத்தைப் பத்தி. அதை மத்த ரிவார்டோட கட்டிப் போடாதீங்க. வரையுற வேலை இழுத்துக்கிட்டே போகும், அது முடியுற வரைக்கும் மத்த நூத்துக்கணக்கான பேர் காத்திருக்கக் கூடாது. அச்சகத்துல புத்தகம் இருக்கிற வாரங்கள்லயே எல்லாப் படத்தையும் வரைஞ்சு முடிச்சு, பின்பக்கம் பென்சில்ல ஆதரவாளர் எண்ணை எழுதி, எண் வரிசைல அடுக்கி வையுங்க.

படத்தை அனுப்ப ரெண்டு பக்கமும் நெளிவட்டை (நடுவுல நெளிநெளியா தாள் இருக்கிற பெட்டி அட்டை) வைப்பீங்க இல்லையா. ஒரு அட்டையோட நெளிவு நீளவாக்குல போனா இன்னொண்ணு குறுக்குவாக்குல போகணும். ஒரே திசைல வெச்சா அந்தத் திசைல சுலபமா மடங்கிடும். மாத்தி வெச்சா ரெண்டு கையால அழுத்தினாலும் வளையாது. படத்தை ஒரு கண்ணாடித்தாள் உறைல போட்டு, நாலு மூலையையும் காகித முக்கோணத்துல சொருகி, அந்த முக்கோணத்தை மட்டும் அட்டைல ஒட்டுங்க. படத்துல பசை படவே கூடாது.

---

நடைவண்டி

பேக்கிங் நாள் எப்படி நடக்கணும்னு யாராவது சொல்வாங்கன்னு பார்த்தேன், நானே சொல்லிடுறேன்.

பட்டியலைப் பேர் வரிசைல அடுக்காதீங்க. ரிவார்டு வகை, அதுக்குள்ள நாடு, இப்படி அடுக்குங்க. ஒரு உட்காரல்ல ஒரே வகைதான். 'புத்தகமும் அஞ்சலட்டையும்' கட்டுற அன்னைக்கு மேசைல போஸ்டரே இருக்கக் கூடாது. கை பழகிடும், தப்பு வராது. லேபிளும் அதே வரிசைல அச்சாகணும். வெப்பத்துல அச்சடிக்கிற லேபிள் பிரிண்டர் கிடைச்சா வாங்கிக்கோங்க, மை தேவையில்லை, தண்ணி பட்டாலும் எழுத்து கலங்காது. வெயில்லயும் சூட்டுலயும் மட்டும் வைக்காதீங்க, மங்கிடும்.

முக்கியமானது தராசு. ஒரு வகைல சரியாக் கட்டின முதல் பார்சலோட எடையை ஒரு சீட்டுல எழுதி தராசுக்கு மேல ஒட்டுங்க. அடுத்து வர்ற ஒவ்வொண்ணையும் அதுல வையுங்க. 462 கிராம் வர வேண்டியது 436 காட்டினா அஞ்சலட்டைக் கட்டு உள்ள போகலை. பிரிச்சுப் பார்க்காமலே தெரிஞ்சிடும். ரெண்டு மூணு கிராம் ஏறி இறங்கும், அது டேப். அதுக்கு மேல வித்தியாசம் வந்தா அந்தப் பார்சலைத் தனியா எடுத்து வையுங்க.

மேசை உயரம் இடுப்புக்குச் சரியா இருக்கணும். தரையில உக்கார்ந்து நாள் முழுக்கக் கட்டினா முதுகு போயிடும், அடுத்த நாள் வேலை நடக்காது. தனி ஆளுக்கு உடம்புதான் முதல்.

---

நீலவால் குருவி

இடையில ஒரு கேள்வி. என் ரிவார்டுல ஒரு குட்டி விளக்கு இருக்கு, உள்ள லித்தியம் பேட்டரி. ஆதரவாளர்களுக்கு நன்றியா விதை பதிச்ச காகித அட்டையும் வைக்கலாம்னு இருக்கேன். இதே முறைதானா?

---

கணக்குப்பிள்ளை

@நீலவால் குருவி, இரண்டுமே சிக்கல். லித்தியம் பேட்டரி விமானச் சரக்கில் அபாயப் பொருள் வகை. ரீசார்ஜ் செய்யும் லித்தியம் அயனி வகை என்றால், சாதனத்துக்குள் பொருத்தியிருந்தால் அதன் அபாயப் பொருள் எண் யுஎன் 3481, தனியாகப் போனால் யுஎன் 3480, இரண்டுக்கும் விதி வேறு. பல அஞ்சல்துறைகள் எடுக்கவே மாட்டார்கள், முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். விதை அட்டையை வெளிநாட்டுக்கு வைக்காதீர்கள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து உயிரிப் பாதுகாப்புச் சோதனையில் ஒரு விதைக்காக மொத்தப் பார்சலையும் நிறுத்தி அழித்துவிடலாம். சாதாரண அட்டையில் நன்றி எழுதுங்கள். விரிவாகப் பேச உங்களுக்குத் தனி இழை தொடங்குவது நல்லது.

---

மைப்புட்டி

நடைவண்டி, தராசு யோசனை அருமை. ஏற்கெனவே ஒரு கிராம் வரைக்கும் காட்டுற தராசு இருக்கு.

கடைசியா மூணு விஷயம். எந்த நாட்டுக்கு முதல்ல? புத்தகம் எத்தனை கூடுதலா அச்சடிக்கணும்? சர்வேக்குப் பதிலே தராதவங்களை என்ன செய்யுறது?

---

தாள்மடிப்பு

வெளிநாடு முதல்ல கிளம்பணும், வழில அதிக நாள் எடுக்கும். ஆனா அதுக்கும் முன்னாடி ஒவ்வொரு பெரிய நாட்டுக்கும் ரெண்டு மூணு பார்சல் மட்டும் அனுப்பி, போய்ச் சேர்ந்ததும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. தினமும் மெயில்ல பேசுற ஆதரவாளர் யாராவது இருப்பாங்க, சந்தோஷமா செய்வாங்க. முனை நசுங்கியிருந்தாலோ கஸ்டம்ஸ்ல வேற ஏதாவது கேட்டாலோ மொத்தமும் கிளம்புறதுக்கு முன்ன தெரிஞ்சிடும்.

கூடுதல் அச்சு நூத்துக்குப் பத்துன்னு வெச்சுக்கோங்க. சேதம், தொலைஞ்சது, திரும்பி வந்தது எல்லாம் அதுல அடங்கும். இதே அச்சோட சேர்த்து அடிச்சா ஒரு பிரதிக்கான செலவு குறைவு. பிறகு தனியா பத்து பிரதி அடிக்கப் போனா அச்சகத்துல ஏறிட்டும் பார்க்க மாட்டாங்க.

---

நடைவண்டி

சர்வேயை ரெண்டாப் பிரிச்சு யோசிங்க. எத்தனை அச்சடிக்கணும், போஸ்டர் மடிச்சா சுருட்டியாங்கிறது இப்பவே தெரியணும். முகவரி இப்ப வாங்கினாலும் அனுப்புறதுக்குள்ள சிலர் வீடு மாறிடுவாங்க. அதனால 'இந்தத் தேதி வரைக்கும் முகவரியை மாத்தலாம், அதுக்கு மேல பூட்டிடுவேன்'னு அப்டேட்ல சொல்லுங்க. பூட்டுறதுக்கு ஒரு வாரம் முன்ன மறுபடி சொல்லுங்க. லேபிள் அச்சடிச்ச பிறகு முகவரி மாத்தச் சொல்லி வர்ற மெயிலை ஒரே இடத்துல குறிச்சு வெச்சு, அந்தப் பார்சலைக் கையோட கட்டுல இருந்து வெளிய எடுத்துடுங்க. அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டா அது கிளம்பிப் போயிடும்.

பதிலே தராதவங்களுக்கு கிக்ஸ்டார்ட்டர் செய்தி, மெயில் ரெண்டுலயும் எழுதுங்க. ஸ்பாம்ல போயிருக்கும், இல்லைன்னா அந்த மெயிலைப் பார்க்கிறதையே விட்டிருப்பாங்க. அவங்க ரிவார்டைத் தனிப் பெட்டில பேர் எழுதி வெச்சிருங்க. ஒரு வருஷம் கழிச்சும் வந்து கேட்பாங்க, அவங்க பணம் கொடுத்தவங்க. எல்லாம் அனுப்பி, திரும்பி வந்ததையும் தீர்த்த பிறகு முகவரிக் கோப்பை அழிச்சுடுங்க, பதில் வராதவங்க பட்டியலை மட்டும் வெச்சுக்கோங்க. மத்தவங்க வீட்டு விலாசமும் போன் நம்பரும் உங்க கணினில காலத்துக்கும் கிடக்க வேண்டாம்.

---

பின்வரிசை

திரும்பி வந்த பார்சலுக்கு மறுபடி யார் காசு கொடுக்கிறதுன்னும் சர்வேலயே எழுதிடுங்க மைப்புட்டி. முகவரி தப்பாக் கொடுத்தது நாங்கன்னா நாங்க கட்டுறோம். பேக்கிங்லயோ லேபிள்லயோ தப்புன்னா நீங்க. இப்படித் தெளிவா எழுதியிருந்த திட்டத்துல யாரும் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை.

---

மைப்புட்டி

எழுதிக்கிட்டேன். போஸ்டர் கேள்வியும் டிராக்கிங் கேள்வியும் விருப்பத் தேர்வா சர்வேல போகுது. படம் இருக்கிற பார்சலுக்கு மட்டும் டிராக்கிங் கட்டாயம். அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் மாதிரிப் பார்சல் வாங்கிக்க ஆள் கேட்டு அப்டேட் போட்டேன், அதுக்குள்ள கைதூக்கிட்டாங்க. அது போய்ச் சேர்ந்ததும் எந்த நாட்டுல என்ன கேட்டாங்க, எத்தனை நாள் ஆச்சு, முனை எப்படி இருந்துச்சுன்னு படத்தோட இங்கயே போடுறேன். ஐரோப்பியப் பொறுப்பாளர் விஷயத்துல பதில் வந்தா அதையும் சேர்த்து.